உயிரோட்டம் திரும்பப் பெறப்பட்டது

குளிர்பெட்டியின் கண்ணாடி மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாகிவிட்டது. மே மாத வெயிலில் பிணத்தை இப்படித் திறந்து போடக்கூடாது என்று கோவில்பட்டியில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கனடாவில், கால்கரியில் இருக்கும் இளம்பரிதிக்குத்தான் தெரியவில்லை. "மூடியைத் தூக்குங்க, அப்பாவுக்கு மூச்சு முட்டும்" என்று சுவரில் மாட்டியிருந்த முகப்பலகைக்குள்ளிருந்து அவன் போட்ட சத்தத்தில், பெட்டி கொண்டுவந்தவரே பயந்துபோய் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்.

வீட்டில் தனியாக இருந்த தளவாய் இறந்துவிட்டார். மகனைத் தவிர யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. மருத்துவர் வந்து நாடி பார்த்தார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தின் கோடு நேராக ஓடுவதைப் பலகைக்கு நேரே தூக்கிக் காட்டினார். உயிர் நேற்றுச் சாயங்காலமே பிரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அங்கேதான் பரிதி அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அது எப்படி டாக்டர்? இங்க நான் காலையில வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அங்க அப்ப ராத்திரி. நாற்காலியில உக்காந்து என்னையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். இப்பகூடப் பாருங்க, இமை ஆடுது. இன்னொருக்கப் பாருங்க."

மருத்துவர் இன்னொருக்கப் பார்த்தார். அதற்கப்புறம் ஒருக்கவும் பார்த்தார். நான்காம் முறை கேட்டபோது, "தம்பி, எனக்கு உயிரோட இருக்க நோயாளிகளும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"அக்கா, நீயாவது பாரு," என்றான் பரிதி. "இடது புருவத்தைத் தூக்குறார் பாரு. ஏதாச்சும் சொல்ல வரும்போது தூக்குவார்ல, அதே மாதிரி."

நிறைமதி பார்த்தாள். பலகையின் மூலையில், கால்கரிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவின் படம் சிறியதாகத் தெரிந்தது. மூடிய இமைகள் லேசாகத் துடித்தன. உதடு ஈரப்படுத்திக்கொள்வதுபோல அசைந்தது. இடது புருவம் மேலே ஏறி இறங்கியது. திரும்பிப் பெட்டிக்குள் பார்த்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டும் நெற்றி நிறையத் திருநீறுமாக அப்பா கிடந்தார். அந்த இடது புருவத்தின் மேல் ஒரு ஈ உட்கார்ந்து நிதானமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மறுபடி பலகையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் கொடுமை. அந்தப் புருவத்தைத் தூக்கும் மென்பொருளைச் செய்யும் நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை.

நிறுவனத்தின் பெயர் அண்மை. அவர்கள் செய்வது காட்சிச்சுருக்கி. ஒரு படத்தை அப்படியே கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. அதனால் முந்தின நொடிக்கும் இந்த நொடிக்கும் எது மாறியதோ அதை மட்டும் சுருக்கி அனுப்பும். மாறாததை அந்தப் பக்கம் இருக்கும் பலகை தானே நிரப்பிக்கொள்ளும். இந்த வித்தையால்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் ஊரிலுள்ள அப்பா அம்மாவின் அறை நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தோசை சுடும்போது திரும்பிப் பார்த்தால் சுவரில் அம்மா இருப்பாள். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

ஒரே குறை, இணைப்பு இடறும்போது முகம் உறைந்துவிடும். வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, பார்க்கச் சகிக்காது. வந்த புகார்களில் பாதி அதுதான். அதைப் போக்கத்தான் ஆறு வாரத்துக்கு முன்னால் உயிரோட்டம் என்று ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவர் முகமும் எப்படி அசையும் என்று சுருக்கிக்கு ஏற்கெனவே தெரியும், வருடக்கணக்காகப் பார்க்கிறதே. படம் நின்றால், அந்த அசைவுகளை அதுவே போட்டு ஓட்டும். இணைப்பு வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும்.

படம் நின்றது இணைப்பால்தானா என்று முதலில் அது வலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கேட்டுப் பதில் வருவதற்குள் ஒரு கண்ணிமைப்பு நேரம் தாமதமானது. குழுத் தலைவர் ஹரீந்திரனுக்கு அது பொறுக்கவில்லை. "உயிரோட இருக்கிற மனுஷன் எவனாவது ஆடாம அசையாம இருப்பானா? தூங்கும்போதுகூட மூச்சு விடறான். முகம் சுத்தமா நின்னுட்டா கோளாறு லைன்லதான். அதைத் தனியா வேற கேட்கணுமா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், நிறைமதியும் ஆட்டினாள். அப்படிக் கேட்கும் நிரல் வரிகளை நீக்கினார்கள். புகார்கள் சரிந்தன. அலுவலகத்தில் பாதாம் அல்வா கொடுத்தார்கள்.

எரிச்சல் என்னவென்றால், அந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. உயிரோடு இருக்கிற மனிதன் அசையாமல் இருக்கவே மாட்டான்.

இதையெல்லாம் அவள் தம்பிக்கு எடுத்துச் சொன்னாள். ஒரு தடவை பொறுமையாக, ஒரு தடவை பொறுமை இல்லாமல்.

"நீ சொல்றது புரியுதுக்கா. ஆனா எனக்கு அது அப்பா மாதிரிதான் இருக்கு."

"உனக்கு அப்பா மாதிரி இருக்கணும்னுதான்லே நாங்க அதைச் செஞ்சிருக்கோம்."

"சரி, ஒருவேளை நிஜமாவே உசிரு இருந்தா?"

புகைப்படம் எடுத்து அனுப்பினாள். "போட்டோவுல யாருக்கா கண்ணைச் சிமிட்டுவாங்க?" என்றான். அதுவும் நியாயம். காணொளியாக எடுத்து அனுப்பினால் அதுவும் அதே சுருக்கி வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு நிறுவனத்தின் பலகையில் காட்டலாம் என்றால், ஊர் உலகத்தில் இருக்கிற அத்தனை நிறுவனமும் அண்மையின் சுருக்கியைத்தான் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. நல்ல வியாபாரம் என்று போன வருடம் அவளே பெருமைப்பட்டிருக்கிறாள்.

செல்லப்பா சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலாவது முறையாக உள்ளே வந்தார். அப்பாவின் தம்பி, சாவு வேலைகளின் எல்லாப் பொறுப்பும் அவர் தலையில்தான்.

"ஏ மதி, குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுத்துட்டு வந்தாச்சு. மின்மயானத்துல நேரம் வாங்கியிருக்கு, விட்டா அடுத்தது நாளைக்குத்தான். பெட்டியும் திறந்து கிடக்கு. இதுக்கு மேல தாங்காதும்மா."

"தெரியுது சித்தப்பா."

"அவன் அங்க இருந்து தொலைக்கொள்ளிப் பொத்தானை அமுக்க மாட்டேன்னா விட்ரு. நீயே கொள்ளி வச்சிரு. இப்பல்லாம் பொம்பளப் பிள்ளைகளும் வைக்குதுல்லா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்லவும் விடமாட்டேன்."

வைக்கலாம். அவளுக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் வைத்துவிட்டால், இளம்பரிதி தன் சாவுநாள் வரைக்கும், அப்பாவை உயிரோடு எரித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். புருவத்தைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார், சொல்லவிடாமல் கொண்டுபோய் அக்கா கொளுத்திவிட்டாள் என்று நினைப்பான். அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன். மென்பொருளின் கிறுக்குத்தனத்துக்கு அவனையும் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

"ஒரு பத்து நிமிஷம் சித்தப்பா," என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

"அப்பன் பெட்டியில கெடக்கான், இவ ஆபீஸ் வேலை பாக்கப் போறா," என்று கூடத்தில் ஒரு அத்தை சொன்னது நன்றாகவே கேட்டது.

உயிரோட்ட மாற்றத்தைத் திரும்பப் பெற ஒரே ஒரு கட்டளை போதும். அடித்துவிட்டாள். அடித்ததும் தணிக்கைப்பொறி வந்து குறுக்கே நின்றது. யாரும் அவசரப்பட்டு எதையும் மாற்றிவிடக்கூடாது என்று வைத்த பொறி அது. மகா மரியாதையானது.

"வணக்கம் நிறைமதி. இம்மாற்றத்தைத் திரும்பப் பெறுவதற்கான காரணம்?"

இறந்தவர் முகம் அசைகிறது என்று தட்டினாள்.

"ஒளியோட்டத்தைச் சோதித்தேன். முகத்தின் அசைவு மிக இயல்பாக உள்ளது. குறைபாடு ஏதும் இல்லை."

அதுதான் குறைபாடு என்று தட்டினாள்.

"புரிந்துகொண்டேன். பாதிக்கப்பட்ட பயனர் யார்?"

தளவாய், கோவில்பட்டி.

"நன்றி. பயனரின் முகத்தைப் பற்றிய மாற்றம் என்பதால் அவருடைய அல்லது குழுத் தலைவரின் ஒப்புதல் தேவை. அவருக்கு இப்போது அறிவிப்பு அனுப்பியுள்ளேன்."

கூடத்தில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் கைபேசி ஒரு தடவை டிங் என்றது. நிறைமதிக்குக் கணினியைத் தூக்கி அம்மியில் போட்டு உடைக்க வேண்டும் போல வந்தது. சென்னையில் இருந்த ஹரீந்திரனைக் கூப்பிட்டாள். கணினித் திரையில் அவர் முகம் தோன்றியது.

"மதி, கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. லீவு எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கங்க."

"லீவு வேண்டாம் ஹரி. உயிரோட்டத்தைத் தூக்கணும். உங்க ஒப்புதல் வேணும். இப்பவே வேணும்."

விவரத்தைச் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"புரியுது. ஆனா அது உலகம் பூரா ஓடுது மதி. ஒரு வீட்டுக்காக எப்படி? அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நிறுத்த முடியாதா?"

"நிறுத்தற பொத்தானை எடுத்ததே நீங்கதான். யாரும் நிறுத்தப் போறதில்ல, வீணா எதுக்குனு சொன்னீங்க."

"ஆமால்ல." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பா முகத்தை ஒரு துணி போட்டு மூடிட்டா?"

"மூடினா, மூச்சை அடைச்சுக் கொன்னுட்டோம்பான்."

"பாருங்க மதி, நான் கல்நெஞ்சன் இல்ல. ஆனா இறந்தவங்க நம்ம பயனர் இல்லையே. அவங்களுக்காக இதை வடிவமைக்கல."

நிறைமதி கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டிப் போய், பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் முகத்துக்கு நேரே கணினியை நீட்டிப் பிடித்தாள். சென்னையில் ஹரீந்திரன் பார்த்தார். நாடிக்கட்டும் நெற்றித் திருநீறுமாக இருந்த ஒரு பிணம் அவரைப் பார்த்து இடது புருவத்தை உயர்த்தி, ஏதோ சொல்ல வருவதுபோல உதட்டை அசைத்தது.

"ஐயோ, எடுங்க மதி. அதை எடுங்க," என்றார். குரல் மாறியிருந்தது. "ஒப்புதல் போட்டுட்டேன். உங்க வேலை முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்."

தணிக்கைப்பொறி நன்றி சொல்லி ஒதுங்கியது. உயிரோட்டம் திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பழைய வரிகள் ஓடத் தொடங்கின.

நிறைமதி சுவரைப் பார்த்தாள். மூலையில் இருந்த படத்தில் அப்பாவின் புருவம் பாதி ஏறிய இடத்திலிருந்து கீழே வந்து நின்றது. இமை நின்றது. உதடு நின்றது. ஈ மட்டும் பறந்து, மறுபடி உட்கார்ந்தது.

கால்கரியில் பரிதி பலகைக்கு மிக அருகில் வந்துவிட்டான், அவன் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"அக்கா. நின்னுட்டார்."

"ஆமாலே. இப்பத்தான் நிஜத்தைப் பாக்கே."

"இல்லக்கா. இப்பத்தான் போனார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். என் கண்ணு முன்னாலதான் போச்சு." அவன் உதடு கோணியது. "நீ என்ன செஞ்ச?"

"மென்பொருளைச் சரி பண்ணினேன்."

"அதுவரைக்கும் நல்லா இருந்தாரே."

இத்தனை பாடுபட்டதற்கு இதுதான் பலன். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மருத்துவர் சொன்னதை மறுபடி சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். நேற்றுச் சாயங்காலமே போய்விட்டார், ஒரு ராத்திரி முழுக்க அவர் பிணமாக உட்கார்ந்திருந்ததை நீ பார்த்துக்கொண்டிருந்தாய், காலையில் பால்காரர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்லலாம். அவன் அழத் தொடங்கியிருந்தான். சின்னப் பையனாக இருந்தபோது அழுததைப் போலவே, மூக்கால் அழுதான்.

"கடைசி நேரத்துல நான் கூட இருந்தேன்ல அக்கா?"

"இருந்தலே," என்றாள் நிறைமதி. "நீதான் இருந்த."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சித்தப்பா வெளியே போய்க் குரல் கொடுத்தார், கொட்டு முழங்கியது. மின்மயானத்தில் பரிதியின் முகம் தெரிந்த சின்னப் பலகையை, அப்பாவைக் கிடத்தியிருந்த தட்டுக்கு எதிரே நிறுத்தினார்கள். அங்கே அவன் பொத்தானை அமுக்கினான், இங்கே கதவு திறந்து அப்பா உள்ளே போனார். தகராறு எதுவும் இல்லை. நிறைமதி வெளியே வந்து வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள், அப்போதுதான் அழவும் முடிந்தது.

கைபேசி அழைத்தது. ஹரீந்திரன்.

"முடிஞ்சுதா மதி? தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. 'படம் உறைஞ்சு போச்சு'னு புகாரா கொட்டுது. ஆறு வாரமா ஒண்ணுகூட இல்ல. இப்ப பாருங்க, நூத்துக்கணக்குல." அவர் சிரிக்கவும் செய்தார். "சில பேரோட கூத்தைக் கேளுங்க. ஆபீஸ் கூட்டத்துக்குத் தன்னோட போட்டோவைப் பலகைக்கு முன்னால சாச்சு வச்சுட்டு வெளிய போயிருக்கானுங்க. உயிரோட்டம் அந்தப் போட்டோவுக்குத் தலையாட்ட வச்சிருக்கு. ஆறு வாரமா ஒரு மேனேஜரும் கண்டுபிடிக்கல. இப்ப மாட்டிக்கிட்டானுங்க."

"மத்த புகாரெல்லாம்?"

"மத்ததெல்லாம் வீடுங்க. வெளிநாட்டுப் பிள்ளைங்க. நான் சோதிச்சுப் பார்த்துட்டேன், இணைப்பு எல்லாம் பச்சைதான் காட்டுது. படக்கருவியும் சரியாதான் இருக்கு. என்ன கோளாறுன்னே தெரியல. நீங்க ஒரு பார்வை பாருங்களேன்."

அவர் அனுப்பியதைத் திறந்தாள். முதலாவது டப்ளினிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் பெயர் சுபாஷிணி. தஞ்சாவூரில் தனியாக இருக்கும் அம்மாவின் அறையைத் தன் சமையலறைச் சுவரில் வைத்திருப்பவர். கோபமாக எழுதியிருந்தார். "மின்விசிறி சுற்றுகிறது. காலண்டர் தாள் படபடக்கிறது. அம்மா மட்டும் உறைந்துபோயிருக்கிறார். சந்தா மட்டும் ஒழுங்காக வாங்கத் தெரிகிறதல்லவா? உங்கள் மென்பொருளை உடனே சரிசெய்யுங்கள்."

நிறைமதி இரண்டாவது புகாரைத் திறந்தாள். நாய் நடமாடுகிறதாம், அப்பா மட்டும் உறைந்துவிட்டாராம். மூன்றாவதைத் திறக்கவில்லை.

"ஹரி, இது மென்பொருள் கோளாறு இல்ல. உயிரோட்டத்தைத் திரும்பப் போட்ராதீங்க. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் அவர் விசைகளைத் தட்டுவது கேட்டது. "மதி, புகார் எல்லை தாண்டிடுச்சுனு தணிக்கைப்பொறியே உயிரோட்டத்தைத் திரும்பப் போட்டுருச்சு. இப்பதான். புகார் எல்லாம் அடங்கிடுச்சு."

"திரும்ப எடுங்க."

"எடுக்கறேன். ஆனா காரணம் கேக்குது மதி. நான் என்னனு போடட்டும்?"

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, புகாரில் இருந்த டப்ளின் எண்ணைப் போட்டாள். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

"அண்மையிலிருந்து பேசறேங்க. சுபாஷிணியா?"

"ஆமா மேடம். உடனே கவனிச்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ். கோவத்துல ஏதோ எழுதிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப சரியாயிடுச்சு. அம்மா நல்லா இருக்காங்க, இதோ என்னைத்தான் பார்த்துட்டு இருக்காங்க."

நிறைமதி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அம்மா வீட்டுக்குப் பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் கூப்பிட்டு, போய்ப் பார்க்கச் சொல்ல முடியுமா?"

"எதுக்கு மேடம்?" என்றாள் சுபாஷிணி. "அதான் நான் பார்த்துட்டே இருக்கேனே."